நார் போட்ட கல்லறை

செப்டம்பர் 4, புதன்

மறுபடியும் வெடிச்சிருக்கு.

இந்த டைரி சிமெண்ட் கடையில வருசா வருசம் சும்மா குடுக்கிறது. இதுல நான் சைட்டு விசயம் மட்டும்தான் எழுதுவேன். எத்தனை மூட்டை போச்சு, வெயில் எப்படி, காத்து எப்படி, எவன் வேலைக்கு வரலை. இன்னைக்கு வீட்டு விசயம் எழுதுதேன். வாய்விட்டுச் சொன்னா ஒருத்தன் சிரிப்பான், இன்னொருத்தன் பாவமா பாப்பான். ரெண்டாவது ஆளைத்தான் என்னால தாங்க முடியாது.

மகள் கல்லறைக்குப் போன மாசம் போட்ட கான்கிரீட் மூடி தலைமாட்டுலருந்து கால்மாடு வரைக்கும் கீறிக் கிடக்கு. ஜூன்ல போட்டதும் இப்படித்தான் போச்சு, அதை உடைச்சிட்டுத்தான் இதைப் போட்டேன். நான் கான்கிரீட் ஃபோர்மேன். துறைமுகத்துல இறங்குற சரக்கை வைக்கிற குடோனுக்கெல்லாம் தளம் போடுறவன். லாரி ஏறுற தளம் கல்லு மாதிரி நிக்கி. சின்னப்பிள்ளை கல்லறை மேல கிடக்கிற மூடி நிக்கமாட்டேங்கு. இதைவிட வெக்கக்கேடு என்ன இருக்கு?

காரணம் எனக்குத் தெரியும். கல்லறைத் தோட்டம் கடலைப் பாத்துக் கிடக்கு. ஈரக் கான்கிரீட்டு மேல நிக்கிற தண்ணியை அந்தக் காத்து உறிஞ்சி எடுத்திருது. மேல்தோல் காஞ்சு சுருங்குது, அடியில இன்னும் ஈரம், நடுவுல பிளக்குது. அவ்வளவுதான் சங்கதி.

என் பொண்டாட்டி அமலி கேட்டாத்தானே. "பிள்ளைக்கு உள்ள மூச்சு முட்டுதுங்க. அதான் உடைச்சிக்கிட்டு வரப் பாக்கா"ங்கா. அந்தக் கீறல்ல காதை வச்சுப் படுத்திருந்தா. கையைப் பிடிச்சுத் தூக்கிக் கூட்டிட்டு வந்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்தநாள் பூசை முடிஞ்சதும் மணப்பாட்டுலருந்து அமலி தம்பி பங்கிராஸ் வந்தான். காப்பியைக் குடிக்கும்போதே ஆரம்பிச்சிட்டான்.

"அத்தான், அக்கா விடிஞ்சா அடைஞ்சா கல்லறையிலதான் கிடக்காளாம். சோறு தின்னுதாளா இல்லையா? ஆளு பாதியாயிட்டா."

"தின்னுதா."

"பொய் சொல்லாதீங்க. எங்க பக்கம் ஒரு செபவீடு இருக்கு. புத்தி பேதலிச்சவங்களைக் கொண்டு விட்டா, ஆறு மாசம் வச்சிருந்து செபம் பண்ணிக் குணமாக்கி அனுப்புதாங்க."

"சங்கிலி போட்டுக் கட்டி வைப்பானே, அந்த எடமாலே?"

அவன் கிளாசைக் கீழ வச்சான். நல்லவன்தான், அக்கா மேல உசுரு. அதனாலதான் எனக்குப் பயமா இருக்கு. கெட்டவன்னா கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருப்பேன்.

போகும்போது சொன்னான், "கல்லறைத் திருநா வரைக்கும் பாப்பேன். அன்னைக்கும் இப்படித்தான்னா வேன் கொண்டாந்திருவேன். நீங்க தடுத்தாலும் சரி." அமலி அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தா.

நவம்பர் ரெண்டுக்குள்ள கீறல் விழாத மூடி ஒண்ணு போட்டாகணும். கீறலைப் பாத்தாத்தானே அவளுக்குக் கோட்டி பிடிக்கி? கீறல் இல்லாட்டி சரியாயிருவா. வீட்டுலயே இருப்பா.

செப்டம்பர் 9, திங்கள்

காத்து பலம். பம்ப்பு ரிப்பேரு. பாதி வேலைதான். அமலி சாப்பிடலை.

செப்டம்பர் 17, செவ்வாய்

சைட்டுல புது சரக்கு ஒண்ணு வந்து இறங்கியிருக்கு. பிளாஸ்டிக் நார். ஃபைபர்ங்காங்க. வெள்ளை வெளேர்னு, விரல்கணு நீளம், பாக்கெட் பாக்கெட்டா. இனிமே குடோன் தளத்துக்கெல்லாம் இதைக் கலந்துதான் போடணுமாம்.

ஆளுங்களுக்கு ஒரே சிரிப்பு. "சோத்துல முடி கிடந்தா பொண்டாட்டிய ஏசுதோம், இங்க என்னன்னா ரூவா குடுத்து வாங்கிப் போடுதாங்க"ன்னு ஒருத்தன். நானும் சிரிச்சேன். இஞ்சினியர் பொற்செல்வி மேடம் என்னைத் தனியா கூப்பிட்டாங்க.

"அண்ணே, நீங்களே சிரிச்சா அவங்க எப்படிப் போடுவாங்க?"

"இத்தனூண்டு நாரு என்னத்தத் தாங்கிரும் மேடம்?"

"பாரம் தாங்காது. அதுக்குக் கம்பிதான். இது போட்ட அன்னைக்கு நடக்கிற சண்டைக்கு. ஈரமா இருக்கையில கான்கிரீட்டுக்குச் சொந்த பலம் கிடையாதுல்லண்ணே, அப்பதான் காத்துக்குச் சுருங்கி வாயைப் பிளக்குது. லட்சக்கணக்குல நாரு குறுக்கயும் மறுக்கயும் கிடந்தா, பிளக்க விடாம ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிச்சுக்கும்."

எனக்கு அதுக்கப்புறம் ஒண்ணும் காதுல ஏறலை. ரெண்டு தகர டிரே எடுத்தேன். ஒண்ணுல நாரு போட்டது, ஒண்ணுல போடாதது. கொண்டுபோய்க் கடல்காத்து நேரா அடிக்கிற வாசல்ல வச்சேன். சாயங்காலம் பாத்தா, போடாதது வயலு காஞ்ச மாதிரி வாயைத் திறந்து கிடக்கு. போட்டதுல ஒண்ணுமே இல்லை. குனிஞ்சு பாத்தேன், வெளிச்சம் அடிச்சுப் பாத்தேன். ஒண்ணுமே இல்லை.

"மேடம், எனக்குக் கொஞ்சம் வேணும்."

"எதுக்குண்ணே?"

"வீட்டு வேலை."

எடுத்துக்கிடுங்கன்னாங்க. மகள் போன விசயம் அவங்களுக்குத் தெரியாது. அவங்க சைட்டுக்கு வந்தது ஜூலையில.

செப்டம்பர் 28, சனி

பங்குச்சாமியார்கிட்ட கேட்டுட்டு மூடியை உடைச்சேன். "எத்தனை தடவைய்யா உடைப்ப?"ன்னாரு. "இதான் கடைசி சாமி"ன்னேன்.

அமலியை அவ சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டேன். கல்லறை கட்டின கொத்தனார் தொம்மை வந்தாரு. சம்மட்டியை அவர்கிட்டக் குடுக்க மனசு வரலை. நானே அடிச்சேன். கான்கிரீட்டை உடைக்கிறது எனக்குப் புதுசில்லை. ஆனா ஒவ்வொரு அடிக்கும் மெல்ல, மெல்லன்னு வாய் தானா சொல்லிச்சு. தொம்மை அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. சாந்து தூசி கண்ணுல விழுந்திட்டுன்னு சொன்னாரு. எனக்கும் விழுந்திச்சு.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி. சைட்டு லீவு. காத்து நல்ல பலம். மூடி போட்டாச்சு.

ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஒரு பாக்கெட் நாருன்னு அட்டையில எழுதியிருக்கு. நான் மூணு பாக்கெட் போட்டேன். ஃபோர்மேன் செய்ற வேலையா இது? அளவு மீறினா கலவை இறுகிரும், இழுக்க வராதுன்னு ஆளுகளுக்கு நானே பாடம் நடத்தியிருக்கேன். ஆனா கையில மூணு இருந்திச்சு, ஒண்ணோட நிறுத்த முடியலை. பயம்.

"என்னய்யா இன்னாசி, இது கான்கிரீட்டா தேங்கா நாரா? கரண்டியில சுத்துது பாரும்"னு தொம்மை அண்ணாச்சி ஏசுனாரு. மட்டப்பலகை இழுக்க இழுக்க நாரு கூடவே வருது. ஒரு வழியா மட்டம் பண்ணி, ஈரச் சாக்கு போட்டு மூடினோம். நாரு போட்டாலும் நனைக்கிறதை விடக்கூடாதுன்னு மேடம் சொல்லியிருந்தாங்க. இருட்டுற வரைக்கும் சாக்கு காயக் காயத் தெளிச்சுக்கிட்டு அங்கயே உக்காந்திருந்தேன். வேற ஒண்ணும் இல்லை, காத்து அடிச்சிட்டே இருந்திச்சு, அதான்.

அக்டோபர் 3, வியாழன்

கீறல் இல்லை.

அக்டோபர் 5, சனி

இல்லை. பூதக்கண்ணாடி வாங்கிட்டுப் போனேன். இல்லை.

அக்டோபர் 12, சனி

சாக்கை எடுத்தேன். மூடி முழுக்க ஒரு மயிரிழைக் கீறல் கூட இல்லை. கையைத் தட்டணும் போல இருந்திச்சு. கல்லறையில நின்னு யாராவது கையைத் தட்டுவாங்களா?

ஒரே ஒரு குறை. நாரு கூடிப்போனதால மேலெல்லாம் நுனி நீட்டிக்கிட்டு நிக்கி. பாக்க அசிங்கமா இருக்கு. இப்படி நின்னா கேஸ் டார்ச்சை லேசா காட்டிப் பொசுக்கிருவோம், அதுதான் வழக்கம். டார்ச்சு எடுத்துட்டு வந்து பத்த வைக்கப் போனேன். அமலி வந்து நிக்கா. சித்தி வீட்டுலருந்து யார்கிட்டயும் சொல்லாம வந்துட்டா.

மூடியைப் பாத்தா. கீறல் இல்லைங்கிறதை அவ கவனிச்சாளான்னே தெரியலை. முட்டி போட்டு, தலைமாட்டுல உள்ளங்கையை வச்சா. முன்னால தடவுனா, பின்னால தடவுனா.

"இங்கேருங்க," ன்னா. "முளைச்சிருக்கு."

நான் எழுதாம விட்ட விசயம் ஒண்ணு இருக்கு, எழுதிருதேன். பிள்ளைக்கு வந்தது ரத்தப் புத்துநோய். மதுரை ஆஸ்பத்திரியில மருந்து ஏத்த ஏத்த முடியெல்லாம் தலையணையோட போச்சு. இடுப்பு வரைக்கும் கிடந்த முடி. இனி மருந்து வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு அவங்க சொன்ன பிறகு கொஞ்சம் கொஞ்சமா முளைச்சிச்சு. குட்டையா, குத்தாம, மெத்துனு. கடைசி நாள்லயெல்லாம் அமலி அதைத் தடவிக்கிட்டேதான் இருப்பா. பிள்ளையும் தலையைக் குடுத்துக்கிட்டுக் கிடக்கும். என்னையும் தடவிப் பாக்கச் சொன்னா. அப்புறம் பாக்கேன்னு சொல்லிட்டு வேலைக்குப் போனேன்.

இன்னைக்கும், "தொட்டுப் பாருங்க"ன்னா. டார்ச்சு சூடா இருக்கு, இதை வச்சிட்டு வாரேன்னு வந்துட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

அமலி ரெண்டு நேரமும் சோறு தின்னா. சாளை மீன் வாங்கிக் குழம்பு வச்சா. உப்பு கூடிப்போச்சு, ஆனா மூச்சு விடலை நான்.

பூசை முடிஞ்சு கல்லறைக்குத் தேங்கா எண்ணெ கொண்டு போறா. அந்த நுனிகள்ல ரெண்டு சொட்டு விட்டுத் தேய்க்கா. பேசிக்கிட்டே தேய்க்கா. பக்கத்துக் கல்லறைக்கு வந்த பொம்பளைங்க சிலுவை போட்டுக்கிட்டு விலகிப் போறாங்க.

கோட்டித்தனம்னு எனக்குத் தெரியாதா? ஆனா சோறு இறங்குது, ராத்திரி தூங்குதா. டார்ச்சை சைட்டுல கொண்டு வச்சிட்டேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

மூணாம் நம்பர் தளம் பாத்துக்கிட்டு இருக்கும்போது மேடம்கிட்ட சும்மா கேக்கிற மாதிரி கேட்டேன், வெட்டவெளியில நாரு நீட்டிக்கிட்டு நின்னா என்ன ஆகும்னு.

"அதை விடுங்கண்ணே. வெயிலு பட்டா நொறுங்கிப் போயிரும். கால் பட்டு, கை பட்டுத் தேஞ்சும் போயிரும். ரெண்டு மூணு மாசத்துல தேடுனாலும் இருக்காது. உள்ள இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாது."

நல்ல சேதி மாதிரிதான் சொன்னாங்க. அவ கை படாத நாளே இல்லையே.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். ஊரே திரண்டு வந்திருந்தது. எல்லாக் கல்லறைக்கும் வெள்ளை அடிச்சு, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி கொளுத்தி வச்சிருந்தாங்க. நம்ம மூடிக்கு வெள்ளை அடிக்க அமலி விடலை.

பங்கிராஸ் வந்தான். ரோட்டுல வேன் நிக்கிறதை நான் முதல்லயே பாத்துட்டேன். கூட ரெண்டு தடியனுங்க.

அமலி எண்ணெக் கிண்ணத்தோட உக்காந்து தேய்ச்சுக்கிட்டு இருந்தா. சனம் பூரா வேடிக்கை பாக்குது. சாமியார் மந்திரிக்க வந்தவரு, தண்ணியைத் தெளிச்சிட்டு வேகமா அடுத்த கல்லறைக்குப் போயிட்டாரு.

"கல்லுக்கு எண்ணெ தேய்க்கா அத்தான். கண்ணால பாத்த பிறகும் சும்மா இருக்கச் சொல்லுதீங்களா?" அவன் கண்ணுல தண்ணி. அமலி தோளைத் தொட்டான். "எந்திரி, அக்கா."

அவ என்னைப் பாத்தா. கெஞ்சலை. சும்மா பாத்தா.

நான் வேட்டியை மடக்கி முட்டி போட்டேன். கிண்ணத்துல கையை விட்டு எண்ணெ எடுத்துத் தலைமாட்டுல வச்சுத் தேய்ச்சேன். மெத்துனுதான் இருந்திச்சு.

"அத்தான், என்ன செய்யுதீங்க?"

"பாத்தா தெரியலையாலே? பிள்ளைக்கு எண்ணெ தேய்க்கேன். வேன்ல எடம் இருந்தா எனக்கும் சேத்து ஒரு சங்கிலி எடுத்திட்டு வா. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வாரோம்."

அவன் முகத்தைப் பொத்திக்கிட்டுப் போயிட்டான். தடியனுங்களும் போயிட்டானுங்க.

அவனை விரட்டணும்னுதான் அப்படிச் செஞ்சேன். வேற ஒண்ணும் கிடையாது. கையில எண்ணெ வாடை இன்னும் இருக்கு. நாளைக்குக் கழுவிக்கிடலாம்.

நவம்பர் 18, திங்கள்

மழை. வேலை இல்லை. கல்லறைக்குப் போயிட்டு வந்தேன். கீறல் இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

அமலி தையல் மிசினை எடுத்து எண்ணெ விட்டா. கிறிஸ்மசுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கவுன் தைக்கணும்னு சொன்னா. இந்த வாரம் கல்லறைக்கு ஒரு நாள்தான் போயிருக்கா.

நான் தெனமும் போறேன். சைட்டுக்குப் போற வழிதானே. கொஞ்சம் சுத்து, பரவாயில்லை. கால்மாட்டுப் பக்கம் நாரு குறைஞ்சிருக்கு. கையை வச்சா சொரசொரன்னு வெறும் சிமெண்ட்.

டிசம்பர் 25, புதன்

பூசை. அமலி புதுச் சேலை உடுத்தினா. நான் பூசையில பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். தலைமாட்டுல இன்னும் கொஞ்சம் நிக்கி. ஒரு துணியை விரிச்சு வெயில் படாம மூடிட்டு வந்தேன்.

ஜனவரி 6, திங்கள்

துணி காத்துல பறந்திருக்கு. செங்கல்லு வச்சேன்.

சைட்டுல ஒரு தளம் பாக்காம விட்டுட்டேன். போட்டு முடிச்சு நனைக்கவே இல்லை, மேடம் சத்தம் போட்டாங்க. "என்னண்ணே ஆச்சு உங்களுக்கு?" ன்னாங்க. உடம்பு சரியில்லைன்னு சொன்னேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் லீவு. போயிருச்சு. மொத்தமும் போயிருச்சு. தலைமாட்டுல ரெண்டு கையாலயும் தடவிப் பாத்தேன். ஒண்ணுகூட இல்லை.

அமலிக்குத் தெரிஞ்சா என்ன ஆவா? திரும்பக் கல்லறையே கதின்னு கிடந்தா பங்கிராசை நான் எதைச் சொல்லி நிறுத்துவேன்? அவளுக்காகத்தான் கவலைப்படுதேன்.

ஜனவரி 19, ஞாயிறு

சைட்டுலருந்து ஒரு பாக்கெட் நாரு எடுத்திட்டு வந்தேன். கூடவே தச்சு வேலைக்கான பசை டப்பா ஒண்ணு. அமலி முதல் பூசைக்குப் போன நேரம் பாத்துக் கல்லறைக்குப் போனேன். தலைமாட்டுல பசையைத் தடவி, நாரைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து நட்டமா நிறுத்திப் பாத்தேன். காத்து விடலை. நிறுத்த நிறுத்தச் சாய்க்குது. ஒரு பிடி அள்ளி வச்சு உள்ளங்கையால பொத்திக்கிட்டேன், பசை காயுற வரைக்கும் இப்படியே இருக்கலாம்னு. பூசை முடிஞ்ச மணி அடிச்சது எனக்குக் கேக்கவே இல்லை.

"என்ன செய்யுதீங்க?"

அமலி. பூசைக்கு உடுத்தின சேலையோட நிக்கா. டப்பாவைப் பாத்தா, பாக்கெட்டைப் பாத்தா. நான் கையை எடுக்கலை.

"எல்லாம் கொட்டிப் போச்சு அமலி," ன்னேன். "நீ பாத்தா தாங்கமாட்டியேன்னு..."

"எனக்குத் தெரியும். கிறிஸ்மசுக்கு முன்னாலயே பாத்தேன்."

"பாத்தியா?"

அவ என் பக்கத்துல உக்காந்தா. "அது முடி இல்லைன்னு எனக்குத் தெரியாதாங்க? முதல் நாளே தெரியும். பிளாஸ்டிக்குன்னு தொட்டதும் தெரிஞ்சிட்டு. தொட்டா ஆறுதலா இருந்திச்சு, தொட்டேன். இல்லாமப் போச்சு, விட்டுட்டேன்." பசை டப்பாவை எடுத்து மூடி வச்சா. "நீங்கதான் நெசம்னு நம்பிட்டீங்க."

இல்லைன்னு சொல்ல வாயைத் திறந்தேன். காத்து, சுருக்கம், நாரு, எல்லாக் காரணமும் எனக்குத் தெரியுமே. ஆனா கை அந்த எடத்தை விட்டு வரலை.

"நம்ம பிள்ளை ஜெனோவா போயிட்டா," ன்னா. "வாங்க, வீட்டுக்குப் போவோம். கையை எடுங்க."

எடுக்கலாம்னுதான் பாத்தேன். பசை காஞ்சு போயிருச்சு. அவதான் ஒவ்வொரு விரலா பிரிச்சு எடுத்துவிட்டா. என் உள்ளங்கையில வெள்ளை வெள்ளையா ஒட்டிக்கிட்டு நின்னுது. தேய்ச்சு விடப் போனா. வேண்டாம்னு கையை மூடிக்கிட்டேன். அப்பதான் அழுகை வந்திச்சு. போன மார்ச்சுல அடக்கம் பண்ணின அன்னைக்கு வராதது.

அவ கொஞ்ச நேரம் இருந்து பாத்தா. உலை வைக்கணும், நீங்க மெல்ல வாங்கன்னு சொல்லிட்டு முன்னால போயிட்டா.

வலது கையை இன்னும் மூடியேதான் வச்சிருக்கேன், அதான் பையில கிடந்த டைரியை எடுத்து இடது கையால எழுதுதேன். வெயிலு ஏறிருச்சு. அமலி சோத்தை வடிச்சிருப்பா. நான் இன்னும் இங்கதான் இருக்கேன்.